சாவி எண்ணிய மணித்தியாலங்கள்

பாஅஅம்... பாஅஅம்ம்!

ஹோன் சத்தத்தில் உட்துறைமுகக் கரையே திரும்பிப் பார்த்தது. வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். ஐஸ் பெட்டியின் மேல் படுத்திருந்த நாய் எழுந்து நின்று குரைத்தது. கொட்டிலுக்குள் ஒரு பழைய டீசல் எஞ்சினில் முழங்கை வரை கையை விட்டிருந்த நிருபன், திடுக்கிட்டதில் பிடித்திருந்த நட்டை எண்ணெய்க்குள் தவறவிட்டான்.

"எந்த மூதேவியடா அது?" என்று திட்டியபடி வெளியே வந்தான்.

வெள்ளைப் படகு ஒன்று கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நீலக் கோடு போட்ட உடம்பு. வெயிலுக்குக் கூரை. இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்க நீள வாங்குகள். சுற்றுலாக்காரர்களைத் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகும் படகு. சுக்கானுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், ஒரு கையால் ஹோனை அமத்திக்கொண்டு மறுகையை ஆட்டினான்.

சுலக்சன்!

நிருபனின் சகலன் அவன். நிருபனின் மனைவி துஷாந்தியின் தங்கை லக்சாயினியைக் கட்டியவன். பத்து வருடம் கட்டாரில் இருந்துவிட்டு, ஆறு கிழமைக்கு முன்தான் லீவில் வந்திறங்கியிருந்தான்.

"நிருபன் அண்ணை! எப்பிடிப் போட்?" என்று அங்கிருந்தே கத்தினான்.

கரையிலிருந்த அத்தனை பேரும் இப்போது நிருபனைப் பார்த்தார்கள். நிருபன் கையிலிருந்த எண்ணெயை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான். துடைத்த பிறகுதான், அது துஷாந்தி காலையில் தோய்த்துத் தந்த சாரம் என்பது நினைவுக்கு வந்தது.

படகைக் கட்டிவிட்டுச் சுலக்சன் குதித்து வந்தான். குதித்த விதத்திலேயே தெரிந்தது, கடற்கரை ஆள் இல்லை என்று. ஒரு கால் தண்ணீருக்குள் போனது. அவனுடைய சொந்த ஊர் கிளிவெட்டி. அப்பாவும் பெரியப்பாக்களும் வயல்காரர். கல்யாணத்துக்குப் பிறகுதான் அவனுக்குக் கடல் தண்ணீர் உப்பு என்றே தெரியும் என்று நிருபன் பகிடி விடுவதுண்டு. இப்போது பகிடி வரவில்லை.

"முனாப் நானாட போட். விக்கப்போறாராம். எடுப்பம் எண்டு பார்க்கிறன்."

எடுப்பம் எண்டு பார்க்கிறன்! சந்தையில் அரைக் கிலோ சூடை மீன் எடுப்பதுபோல் சொல்கிறான்.

"லீவு முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு அண்ணை. போட் சரிவந்தா இங்கேயே நிண்டிடுவன். சித்திரை பிறந்தா உப்புவெளியில வெள்ளைக்காரர் வரத் தொடங்கிடுவினம். சரிவராட்டி, திரும்ப அந்த வெயிலுக்குத்தான். நீங்க ஒருக்கா எஞ்சினைப் பார்க்க வேணும். நீங்க ஓம் எண்டா ஓம். இல்லை எண்டா இல்லை."

"நாளைக்குக் காலமை பார்ப்பம்," என்றான் நிருபன்.

அன்று மத்தியானம் வரை அவன் ஒரு நட்டைக்கூட ஒழுங்காக முடுக்கவில்லை. பதினைந்து வருடமாக இந்தக் கரையில் எஞ்சின் திருத்துகிறான். நிலாவெளி, சல்லி, திரியாய் என்று எங்கே எஞ்சின் இருமினாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவன் கை படாத எஞ்சின் இந்தத் துறைமுகத்தில் இல்லை. ஆனால் அவனுடையது என்று சொல்ல ஒரு ஓட்டை வள்ளம்கூட இல்லை. ஒவ்வொரு வருடமும் சேர்ப்பான். ஒவ்வொரு வருடமும் ஏதாவது வந்து வழித்துக்கொண்டு போகும். ஒரு வருடம் அம்மாவின் ஒப்பரேஷன். ஒரு வருடம் வீட்டுக் கூரை. ஒரு வருடம் கொட்டிலுக்குள் கடல் வந்து சாமான் எல்லாம் துருப்பிடித்தது.

கடலைக் கண்டால் கால் நனையும் என்று பயப்படுகிற வயல்காரன் ஒருவன், ஆறே கிழமையில் ஹோன் அடித்துக்கொண்டு வந்து இறங்குகிறான்!

சாப்பிட வீட்டுக்குப் போனால், அங்கேயும் அதே படகு வந்து நின்றது.

"லக்சா காலமை வந்தவள்," என்றாள் துஷாந்தி, சோற்றைப் போட்டபடி. "போட்டுக்குப் பேரும் யோசிச்சாச்சாம்."

"என்ன பேர்?"

"வேற என்ன பேர்? லக்சாயினி. நீலத்தில பெரிசா எழுதி, பக்கத்தில ஒரு டொல்பினும் கீறுவினமாம்." அகப்பை சட்டியில் சற்றுப் பலமாகவே விழுந்தது. "பதினைஞ்சு வருசத்துக்கு முதல் எனக்கும் ஒருத்தர் சொன்னவர், போட் வாங்கி உன்ர பேரை வைக்கிறன் எண்டு. அவர் இப்ப எங்கயிருக்கிறாரோ தெரியாது."

"இங்கதான். சோறு தின்னுறார்."

"ஓ, அவரோ இவர்? கண்டு கனகாலம். குழம்பு விடட்டோ?"

நிருபன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. தங்கை வீட்டில் புதுக் கதிரை வந்தபோது இவள் ஒரு கிழமை தன் வீட்டுக் கதிரையில் இருக்காமல் பாயில் இருந்தவள். அது நிருபனுக்கு மறக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் படகில் நின்றார்கள். படகுக்காரர் முனாப் கிண்ணியாவைச் சேர்ந்தவர்; கரையில் எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. முழங்கால் இரண்டும் அலைக்கு ஈடுகொடுக்காமல் போனதால், படகை விற்றுவிட்டு மகனுடைய ஐஸ் வியாபாரத்தில் சேரப்போகிறார்.

"நல்லாப் பாருங்க தம்பி. நான் ஒண்டும் மறைக்கல்ல," என்று எஞ்சின் மூடியைத் தூக்கி வைத்தார். "மீட்டர் மட்டும்தான் கொஞ்சம் கூடக் காட்டுற. இவ்வளவு ஓடின மாதிரி எனக்கும் தெரியல்லதான். ஆனா மெசின் காட்டுற கணக்க நாம என்னெண்டு இல்லெங்கிற?"

எஞ்சின் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று எண்ணுகிற சின்ன மீட்டர் சுக்கானுக்குக் கீழே இருந்தது. வாகனத்துக்குக் கிலோமீற்றர் எப்படியோ, படகுக்கு அந்த மணிக்கணக்கு. பழைய படகு வாங்குகிறவர்கள் எல்லாரும் ஏறியதும் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

நிருபன் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பான். மீட்டர் ஒரு சாட்சி மட்டும். மற்றச் சாட்சிகளை விசாரித்து முடித்த பிறகுதான் அதன் வாக்குமூலத்தைக் கேட்க வேண்டும் என்பது அவனுடைய வழக்கம்.

எஞ்சினில் கை வைத்தான். பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. விற்கிறவன் முன்கூட்டியே சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. எண்ணெய் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவினான். கசடு இல்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் வெடிக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. புகை ஒரு தடவை கறுத்து, உடனே தெளிந்தது. மூச்சுக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். தேய்ந்த எஞ்சின் என்றால் அங்கே எண்ணெயோடு சேர்த்துக் காற்றைக் கக்கும். இது குழந்தை மாதிரி மூச்சு விட்டது.

இரண்டாயிரம் மணித்தியாலம். கூடிப்போனால் இரண்டாயிரத்து இருநூறு. நிருபனின் கை சொன்ன கணக்கு அது.

பிறகு குனிந்து மீட்டரைப் பார்த்தான்.

5860.

எங்கேயோ இடிக்கிறது! நிருபன் எஞ்சினை நிறுத்தினான். அந்த நேரம் பார்த்து லக்சாயினி சுலக்சனுக்குப் போன் எடுத்தாள். சுலக்சன் போனோடு இறங்கி இறங்குதுறையில் நடக்கத் தொடங்கினான். "ஓம் லக்சா, அண்ணை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்..."

"நானா, இந்த பஸ்ஸர் வயரை ஆர் புடுங்கினது?" என்று கேட்டான் நிருபன். எண்ணெய் அழுத்தம் இல்லாவிட்டால் கத்துகிற பஸ்ஸர் அது. சாவியைப் போட்டுவிட்டு எஞ்சினை ஓடவிடாமல் வைத்திருந்தாலும் கத்தும். அதன் வயர் வெட்டி, நுனியில் டேப் சுற்றியிருந்தது.

முனாப் சிரித்தார். "அது நம்மட காவல்காரன்ட வேல. வாடைக்கு நாலு மாசமும் போட்ட உப்புவெளியில வெச்சிருக்க ஏலாதே. கடல் அடிச்சு நொறுக்கிடும். இங்க உள்ளுக்குக் கொண்டுவந்து கட்டி, ஒரு ஆளக் காவலுக்குப் போட்டிருந்த. மழத் தண்ணி நிறஞ்சா இறைக்கிற பம்பு, சாவி போட்டாத்தான் வேல செய்யும். லைட்டும் அப்பிடித்தான். சாவி போட்டா இந்தச் சனியன் கத்துது, நித்திர கொள்ள ஏலாதெண்டு அறுத்து உட்டுட்டான்."

"அப்ப ராவெல்லாம் சாவி போட்டபடிதானோ?"

"ராவும்தான். மழயெண்டா பகலும்தான். மேல சோலார் இரிக்கிதானே, பற்றரிக்கும் கவலையில்ல. ரெண்டு வாடை அப்பிடித்தான் போன."

நிருபனின் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. "நானா, அந்தப் பெரிய டோர்ச் கொட்டிலுக்குள்ள மேசையில கிடக்கு. ஒருக்கா எடுத்துத் தாறீங்களோ?" என்றான்.

முனாப் நொண்டி நொண்டி இறங்கியதும், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒரு தட்டுத் திருப்பினான். மீட்டரில் காதை வைத்தான்.

டிக்... டிக்... டிக்...

எஞ்சின் செத்த பிணம்போல் கிடக்க, மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது! கையை உள்ளே விட்டு வயரைத் தேடினான். மீட்டரின் வயர் எண்ணெய் அழுத்தச் சுவிட்சிலிருந்து வந்திருந்தால், எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் எண்ணும். இது நேராகச் சாவியிலிருந்து வந்திருந்தது. எஞ்சின் ஓடினாலும் எண்ணும், காவல்காரன் குறட்டை விட்டாலும் எண்ணும். இரண்டு வாடைப் பருவம், எட்டு மாதம், நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் என்றாலும் கிட்டத்தட்ட நாலாயிரம்!

அந்த நாலாயிரத்தைக் கழித்துவிட்டால், தங்கமான எஞ்சின். இது தெரியாமல் முனாப் நானா, தேய்ந்த எஞ்சினுக்குரிய விலையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

நிருபன் தலையை நிமிர்த்தினான். இறங்குதுறையில் சுலக்சன் போனைக் காதில் வைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றான். வெயிலில் அவன் சேட்டு பளபளத்தது. 'சகலை, உனக்கு லொத்தர் விழுந்திருக்கு' என்று போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு இந்தப் படகில் 'லக்சாயினி' என்று நீலத்தில் எழுதுவார்கள். டொல்பின் கீறுவார்கள். எஞ்சின் மக்கர் பண்ணுகிற நாளில் நிருபனுக்குப் போன் வரும். அவன் இதே மூடியைத் தூக்கி, இதே இடத்தில் குந்தி, இன்னொருவனுடைய அதிர்ஷ்டத்துக்கு எண்ணெய் விட வேண்டும்.

சாவியை மெதுவாகத் திருப்பி எடுத்தான். டிக் டிக் நின்றது.

"மேசையில டோர்ச் ஒண்டும் இல்லையே தம்பி!" என்று முனாப் கொட்டிலிலிருந்து கத்தினார்.

"பரவாயில்லை நானா. பார்த்து முடிஞ்சுது."

இறங்குதுறைக்கு வந்ததும் சுலக்சன் ஓடி வந்தான். "என்ன அண்ணை? சொல்லுங்கோ."

"மீட்டரைப் பார்த்தீங்களோ தம்பி?"

"பார்த்தனான். அது கூடவோ குறையவோ எண்டு எனக்கென்ன தெரியும்?"

"ஐயாயிரத்து எண்ணூற்று அறுபது. ஒரு கார் எண்டு நினையுங்கோ. கிட்டத்தட்ட மூண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடின கார்."

சுலக்சனின் முகம் விழுந்தது. "அப்ப கூடாதோ?"

"நான் கூடாது எண்டு சொல்லேல்லை. மீட்டரில இருக்கிறதைச் சொல்லுறன்."

"நீங்க எண்டா வாங்குவீங்களோ?"

இந்தக் கேள்வியை நிருபன் எதிர்பார்க்கவில்லை. ஒரு படகு கயிற்றை இழுத்து முனகியது. "நான் மெக்கானிக். எனக்குப் பழுதானாத் திருத்தலாம். நீங்க நடுக்கடலில பதினைஞ்சு வெள்ளைக்காரரை வைச்சுக்கொண்டு என்ன செய்வீங்கள்?"

"விளங்கிச்சு அண்ணை." சுலக்சன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். "முடிஞ்சுது. நீங்க சொன்னாச் சரி. நல்லகாலம், உங்களைக் கேட்டனான்."

ஒரு பொய்யும் சொல்லவில்லை. கொட்டிலுக்குத் திரும்பும் வழியில் நிருபன் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டான். மீட்டரில் இருந்தது அந்த எண்தான். காரின் கணக்கும் சரி. நடுக்கடல் கதையும் சரி. ஒன்றுகூடப் பொய் இல்லை.

மூன்றாம் நாள் லக்சாயினி போன் எடுத்தாள்.

"அத்தான், வேற ஒரு போட் பார்த்துத் தர ஏலாதோ? இவர் டிக்கெட்டை மாத்தாம அப்பிடியே வைச்சிருக்கிறார். வெள்ளிக்கிழமை போறன் எண்டு நிக்கிறார்."

"பார்க்கிறன் பிள்ளை. இப்ப சீசன் வரப்போகுது. நல்லது ஒண்டும் விலைக்கு வராது."

"எப்பிடியாவது பாருங்கோ அத்தான். உங்களைத்தான் நம்பியிருக்கிறன்."

போனை வைத்தான். இப்போதும் நேரம் இருக்கிறது. ஒரு போன் எடுத்தால் போதும். போனைக் கையில் எடுக்கவும் எடுத்தான். ஆனால் விரல் அமத்தியது முனாப்பின் நம்பரை.

"நானா, போட் இருக்கோ? ஆருக்கும் குடுக்க வேண்டாம். நான் எடுக்கிறன்."

அன்றிரவு துஷாந்தியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"எந்தப் போட்?"

"முனாப் நானாட."

"சுலக்சனுக்கு வேண்டாம் எண்ட போட்டோ?"

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அவர்தான் விட்டவர்."

"நீங்க சொல்லித்தானே விட்டவர்! அவருக்குக் கூடாத எஞ்சின் எங்களுக்கு மட்டும் என்னெண்டு நல்லதாகும்?"

"எனக்குத் திருத்தத் தெரியும்."

துஷாந்தி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பதினேழு வருடமாகப் பார்க்கிற முகம். எந்த இடத்தில் கண்ணிமை துடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "உண்மையாத் திருத்த வேண்டிய எஞ்சினோ அது?" என்று மெல்லக் கேட்டாள்.

நிருபன் நிமிர்ந்து மேலே பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ர தங்கச்சியிட முகத்தை நான் இனிப் பார்க்க வேணும்," என்றாள்.

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லு. விட்டிடுறன்."

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். தண்ணீர் குடித்தாள். அடுப்படியில் ஏதோ ஒரு சட்டியை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து காப்பு இரண்டையும் கல்லுத் தோட்டையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவனைப் பார்க்காமலே கேட்டாள்:

"பேர் சிவப்பில எழுதுவீங்களோ? நீலம் வேண்டாம்."

புதன்கிழமை பத்து மணிக்குக் காரியம் முடிந்தது. முனாப் பத்திரங்களையும் சாவியையும் நிருபனின் கையில் வைத்து, இரண்டு கையாலும் அவன் கையை மூடினார்.

"எனக்கு மிச்சம் சந்தோசம் தம்பி. உங்கட சகலன் மீட்டரச் சொல்லி உட்டுட்டுப் போன நேரம், இனி இத ஆரு எடுக்கப்போறாங்களெண்டு நெனச்ச. அதால விலையயும் இன்னும் கொறச்ச. எஞ்சினக் கண்ணாலயே படிக்கிற ஆளிட கையில போனதுதான் பெரிய விசயம்."

"சரி நானா," என்றான் நிருபன். விலையில் ஏமாந்ததுகூடத் தெரியாமல் மனிதர் வாழ்த்திவிட்டுப் போகிறார்.

அவர் போனதும் படகில் ஏறினான். சுக்கானைப் பிடித்துப் பார்த்தான். வாங்கில் இருந்து பார்த்தான். பதினைந்து வருடமாகக் காத்திருந்த நேரம் இதுதான். சந்தோஷத்தை அங்குமிங்கும் தேடிப் பார்த்தான். எங்கே போனதோ தெரியவில்லை. முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அந்த மீட்டர் வயரைச் சாவியிலிருந்து கழற்றி எண்ணெய்ச் சுவிட்சுக்கு மாற்றிவிட வேண்டும். நாளைக்கு வேறு யாராவது மெக்கானிக் ஏறிப் பார்த்தால் கதை கந்தல்.

சுக்கானுக்குக் கீழிருந்த பலகையைக் கழற்றி, எந்த வயர் என்று சோதிக்கச் சாவியைத் திருப்பினான். டிக்... டிக்... டிக்...

"நிருபன் அண்ணை!"

நிருபனின் தலை சுக்கானில் இடித்தது. சுலக்சன் இறங்குதுறையில் நின்றான். தோள் இரண்டிலும், கை இரண்டிலும் செம்மஞ்சள் நிற உயிர்காப்புச் சட்டைகள். ஒரு திருவிழாக் காவடி மாதிரி ஆடி ஆடி வந்து படகில் ஏறினான். இந்தத் தடவை கால் தண்ணீருக்குள் போகவில்லை.

"கரையில சொன்னாங்கள், நீங்க எடுத்திட்டீங்களாம். ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

நிருபன் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான். "திடீரெண்டுதான் தம்பி... நானா விலையைக் குறைச்சவர்... திருத்தி எடுக்கலாம் எண்டு ஒரு யோசனை..."

சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நிருபன் நினைத்தான். சண்டை வந்தால் நல்லது என்றும் தோன்றியது. இரண்டு வார்த்தை கூடப் பேசி, இவன் தன்னை ஏசி, தான் இவனை ஏசி, கோபத்தில் எல்லாவற்றையும் மூடிவிடலாம்.

சுலக்சன் சட்டைகளை வாங்கில் இறக்கி ஒவ்வொன்றாக அடுக்கினான். "பதினாறு இருக்கு. போட் பார்க்க முதலே ஆசையில வாங்கிப்போட்டன். லக்சா சிரிச்சவள், குதிரை வாங்க முதல் கடிவாளம் வாங்கிறீங்கள் எண்டு. எனக்கு இனி என்னத்துக்கு? வெள்ளிக்கிழமை பிளேன். நீங்க வைச்சிருங்கோ."

"எனக்கு வேண்டாம் தம்பி."

"எடுங்கோ அண்ணை. வேற ஆரும் எடுத்திருந்தாத்தான் எனக்கு வயிறு எரிஞ்சிருக்கும். எனக்கு எஞ்சின் வேலை தெரியாது. நீங்க செத்த எஞ்சினையும் ஓட வைப்பீங்கள். அந்த வித்தியாசம் எனக்கு விளங்கும்."

நிருபனுக்கு அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. திறந்து கிடந்த பலகைக்குள் பார்த்தான். சிவப்பு வயர் சாவியிலிருந்து மீட்டருக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பார்க்கத் தெரிந்த எவனுக்கும் ஒரு நொடியில் விளங்குகிற ஒரு சாண் வயர். சுலக்சனும் குனிந்து அதைப் பார்த்தான்.

"இதென்ன வயர் அண்ணை?"

"அது... லைட்டுக்குப் போற வயர்."

சுலக்சனிடம் சொன்ன முதல் முழுப் பொய் இதுதான். வாயிலிருந்து அது எவ்வளவு லேசாக விழுந்தது என்பது நிருபனுக்கே பயமாக இருந்தது.

சுலக்சன் தலையாட்டிவிட்டு வாங்கில் இருந்தான். கண்ணாடி போடவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கித் துறைமுகத்தைப் பார்த்தான். தூரத்தில் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. கட்டார் வெயில் அவனுடைய கழுத்தைச் சுட்டுக் கறுப்பாக்கி வைத்திருந்ததை நிருபன் இப்போதுதான் கவனித்தான். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. தன்னைவிட ஆறு வயது இளையவன்.

எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது நிருபனுக்கு. இவனிடம் ஒரு பிழையாவது இருக்க வேண்டும். காசுத் திமிர், ஊருக்குக் காட்டுகிற பவுசு, ஏதாவது ஒன்று. அதைச் சுலக்சனின் வாயாலேயே கேட்டுவிட்டால் நித்திரை வரும்.

"தம்பி, நான் ஒண்டு கேக்கட்டே? உங்களுக்குக் கடலும் தெரியாது, எஞ்சினும் தெரியாது. அந்தக் காசுக்குக் கிளிவெட்டியில நாலு ஏக்கர் வயல் எடுத்திருக்கலாம். டவுனில ஒரு கடை போட்டிருக்கலாம். ஏன் போட்டுக்கு ஆசைப்பட்டனீங்கள்?"

சுலக்சன் வெட்கப்பட்டவன்போல் சிரித்தான். ஒரு சட்டையின் நாடாவை முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான். பிறகு நிருபனைப் பார்க்காமலே சொன்னான்:

"உண்மையைச் சொல்லட்டே அண்ணை? பத்து வருசமா நான் அங்கயிருந்து போன் எடுக்கிற நேரமெல்லாம் லக்சா, 'அத்தான் மோட்டர் திருத்தித் தந்தவர், அத்தான் வந்து கூரை பார்த்தவர்' எண்டு உங்கட கதைதான் சொல்லுவாள். ஒரு நாளாவது அவள் என்ர பேரை அப்பிடிச் சொல்ல வேணும் எண்ட எரிச்சலிலதான் நான் போட் வாங்க வெளிக்கிட்டனான்."